அப்பாவி அப்சார்பர்

"அண்ணே, முன்னால டொக்கு டொக்குனு சத்தம். அப்சார்பர் போச்சுண்ணே."

முப்பது வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பினாங்கில் ஜெலுத்தோங் பக்கம் பட்டறை வைத்திருந்த காலத்தில் வாரத்துக்கு நாலு பேராவது இப்படிச் சொல்லிக்கொண்டே சாவியை நீட்டுவார்கள். பட்டறையை விட்டும் இந்தப் பேச்சு என்னை விடவில்லை. கல்யாண வீட்டில் கேட்கிறேன், கோயில் வாசலில் கேட்கிறேன், நாசி கண்டார் கடையில் தட்டோடு வரிசையில் நிற்கும்போது கேட்கிறேன். போன மாதம் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு வெளியே வந்தேன். செருப்பை மாட்டுவதற்குள் ஒருவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்: "அப்சார்பர் ரெண்டும் மாத்திட்டேன், ஒரு மாசத்துல சத்தம் திரும்ப வந்துருச்சு. டூப்ளிகேட் சாமானா இருக்குமோ?"

மாற்றிய சாமான் போலியோ என்று சந்தேகம் வருகிறது. மாற்ற வேண்டிய சாமானே அதுதானா என்ற சந்தேகம் மட்டும் இந்தத் தீவில் யாருக்கும் வருவதில்லை.

ஆகவே இந்த வாரம் ஒரே ஒரு வதந்தியை எடுத்துக்கொள்கிறேன். முன் பக்கம் தட்டினால் அப்சார்பர் போய்விட்டது என்கிற வதந்தி. மற்றவற்றைப் போகிற போக்கில் பார்ப்போம்.

அப்சார்பர் என்பது எண்ணெய் அடைத்த ஒரு குழாய். உள்ளே ஒரு பிஸ்டன், அதில் பொடிப்பொடி துளைகள். சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது ஸ்பிரிங் ஆடத் தொடங்கும். எண்ணெய் அந்தத் துளைகளில் நெருக்கியடித்துக்கொண்டு போகும்போது ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறி அடங்கிவிடும். அதன் வேலை அவ்வளவுதான். காரின் எடையைச் சுமப்பதுகூட ஸ்பிரிங்தான். அப்படியிருக்க, அப்சார்பர் செத்தால் முதலில் கூடுவது ஆட்டம். பினாங்குப் பாலத்தில் 80-இல் போகும்போது கார் சம்பான் மாதிரி மிதக்கும். பிரேக்கைத் தொட்டால் மூக்குக் குத்தும். டயரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் மேடும் குழியுமாக இருக்கும். குழாயில் எண்ணெய் கசிந்து தூசி அப்பி, கறுப்பாகப் பிசுபிசுக்கும். இதில் ஒன்றுகூட இல்லாமல், வெறும் 'டொக்'கை மட்டும் வைத்துக்கொண்டு அப்சார்பருக்குக் கருமாதி நடத்துகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அப்படியானால் தட்டுவது யார்? நான் கழற்றிப் பார்த்தவற்றில் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க். ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளமுள்ள கம்பி. இரு முனையிலும் கோலிக்குண்டு அளவில் ஒரு பந்து, அது உட்கார ஒரு கிண்ணம், மேலே ரப்பர் உறை. வளைவில் கார் சாயாமல் பிடிப்பதற்குக் குறுக்கே ஒரு தடித்த கம்பி இருக்கிறது. அதைச் சக்கரத்துப் பக்கத்தோடு இணைப்பது இந்த லிங்க்தான். ரப்பர் உறை கிழிந்து, மழைத் தண்ணீரும் மணலும் உள்ளே போனால் கிரீஸ் வெளுத்துவிடும். பந்து கிண்ணத்துக்குள் ஆட ஆரம்பிக்கும். கழற்றிக் கையில் பிடித்து ஆட்டினால், பால்பல் மாதிரி ஆடும்.

இதைக் கண்டுபிடிக்கக் காரைத் தூக்கக்கூட வேண்டாம். தாமான் வாசலில் இருக்கும் வேகத்தடையில் இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கும்படி நேராக, மெதுவாகப் போங்கள். பிறகு ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சாக்கடை மூடியிலோ தார் ஒட்டுப் போட்ட இடத்திலோ ஏறும்படி போங்கள். நேராக ஏறியபோது கம்மென்று இருந்துவிட்டு, ஒற்றைச் சக்கரம் ஏறும்போது டொக்டொக் என்றால் லிங்க்கின் மேல் கை வைக்கலாம். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது அந்தக் குறுக்குக் கம்பிக்கு வேலையே இல்லை, அதனால் லிங்க்கும் சும்மா இருக்கிறது.

பிரேக் போடும்போதும் கிளம்பும்போதும் 'டம்' என்று ஒரே ஒரு அடி கேட்டால் லோவர் ஆர்ம் புஷ். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'டொய்ங்' என்று ஸ்பிரிங் சிலிர்த்தால் மேலே இருக்கும் மவுண்ட். குலுங்கும் சாலையில் தட்டுகிறது, பிரேக் பெடலை லேசாகத் தொட்டதும் நின்றுவிடுகிறது என்றால், பிரேக் பேட் தன் கூட்டுக்குள் ஆடுகிறது. ஒரு விரல் அழுத்தத்தில் தெரிந்துபோகும் சங்கதிக்கு இரண்டு அப்சார்பர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

"ஆனா மாத்தினப்போ சத்தம் நின்னுச்சே" என்பார்கள். நின்றிருக்கும், நான் மறுக்கவில்லை. இந்த வதந்தி சாகாமல் இருப்பதே அதனால்தான். பல கார்களில் அப்சார்பரைக் கழற்ற வேண்டுமானால், முதலில் அதனோடு பூட்டியிருக்கும் ஸ்டெபிலைசர் லிங்க்கின் நட்டைக் கழற்றியாக வேண்டும். மேலே மவுண்ட்டின் நட்டையும் கழற்ற வேண்டும். புதிய அப்சார்பரைப் போட்டபின் எல்லாவற்றையும் இழுத்து முறுக்கிப் பூட்டுவார்கள். நட்டு தளர்ந்துதான் சத்தம் வந்தது என்றால் கதை அங்கேயே முடிந்தது. பந்து தேய்ந்திருந்தால், கழற்றி மாட்டியதில் மூட்டு கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்து சில நாள், சில வாரம் அடங்கிக் கிடக்கும். கூலிக்குச் செய்த வேலை சத்தத்தை நிறுத்தியது, பேர் சாமானுக்குப் போய்விட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அந்தப் பனம்பழத்துக்கு ஒரு டீச்சரம்மா 680 வெள்ளி கட்டிவிட்டு என்னிடம் வந்தார். லிங்க் ஒரு ஜோடி, கூலியோடு 120 வெள்ளியில் முடிந்தது. பழைய அப்சார்பர் இரண்டையும் பத்திரமாக வாங்கி வைத்திருந்தார், பாவம். அழுத்திப் பார்த்தேன். இன்னும் நாலு வருஷம் ஓடியிருக்கும்.

அப்சார்பர் சத்தமே போடாது என்று நான் சொல்ல வரவில்லை. உள்ளே பிஸ்டன் தண்டு தளர்ந்து தட்டுவதும் உண்டு. எண்ணெய் மொத்தமும் போய், கார் பள்ளத்தில் விழும்போது அடிவரை இறங்கி இடிப்பதும் உண்டு. முதலில் சந்தேகப்பட வேண்டிய ஆள் அது இல்லை என்றுதான் சொல்கிறேன்.

இனி உங்கள் பக்கத்துக் குறை. தமிழ்ப்பள்ளியில் இரட்டைக்கிளவி படித்தோம். பிரித்தால் பொருள் தராது என்று மனப்பாடம் செய்து, கோடிட்ட இடத்தை நிரப்பி மதிப்பெண் வாங்கினோம். சத்தத்துக்கு இவ்வளவு சொல் வைத்திருக்கும் பாஷையைப் பேசிக்கொண்டு பட்டறைக்கு வந்து, "ஒரு மாதிரி சவுண்டு வருதுண்ணே" என்றால் எப்படி? லொடலொட என்றால் எங்கோ ஒரு தகடு தளர்ந்திருக்கிறது. பெரும்பாலும் எக்ஸாஸ்ட் குழாய்க்கு மேலே இருக்கும் ஹீட் ஷீல்ட்; கடல் காற்று அடிக்கும் ஊரில் அதன் போல்ட் ஓட்டை முதலில் துருப்பிடிக்கும். ஒரு ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளிப்பைச் சுற்றி இறுக்கினால் வருஷக்கணக்கில் வாயைத் திறக்காது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிக் கிளம்பும்போது டக்டக்டக் என்றால் டிரைவ் ஷாஃப்ட் மூட்டு. வேகம் கூடக்கூட உர்ர்ர் என்றால் பேரிங் அல்லது டயர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கிறீச் என்று கத்தினால் பெல்ட்டிங். சரியாக ஒரு சொல் சொன்னால் பட்டறைப் போமெனுக்கு அரை மணி நேரம் மிச்சம், உங்களுக்கு அரை நாள் கூலி மிச்சம்.

அமெரிக்காவில் 'கார் டாக்' என்று ஒரு வானொலி நிகழ்ச்சி இருந்தது. டாம், ரே மாக்லியோட்சி என்ற இரண்டு அண்ணன் தம்பிகள், இருவரும் எம்.ஐ.டி.யில் படித்துவிட்டுப் பட்டறை நடத்தியவர்கள். 1987 முதல் 2012 வரை புதிய நிகழ்ச்சிகள் நாடு முழுக்க ஒலிபரப்பாயின. டெலிபோனில் கூப்பிடுகிறவர்கள் வெட்கத்தை விட்டு, தங்கள் காரின் சத்தத்தைத் தொண்டையால் போட்டுக் காட்டுவார்கள். அண்ணன் தம்பி இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அப்புறம் கேள்விமேல் கேள்வி கேட்பார்கள். காரைப் பார்க்காமல், கேட்டே பாதி தூரம் போய்விடலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நம் ஆட்களுக்குச் சத்தம் போட்டுக் காட்டச் சொன்னால் கூச்சம். கைப்பேசியில் பதிவு செய்து அனுப்புகிறார்கள். அதில் கேட்பது ரேடியோ பாட்டும் காற்றும்தான்.

சத்தம் எப்போது வருகிறது என்பதுதான் விஷயம். எங்கிருந்து என்பது அப்புறம். இரும்பு உடம்பு சத்தத்தை எங்கு வேண்டுமானாலும் கடத்தும். எஞ்சின் மவுண்ட் தளர்ந்தால் டாஷ்போர்டு முனகும். ஆகவே முதலில் காரை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை ஃப்ரீயில் வைத்து, எண்ணெய்ப் பெடலை மிதித்துப் பாருங்கள். நின்ற இடத்திலேயே சத்தம் வந்து, மிதிக்க மிதிக்கக் கூடினால் அது எஞ்சின் பக்கத்துச் சமாசாரம். சக்கரத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம். ஓடினால் மட்டும் வருகிறது, வேகத்தோடு தாளம் மாறுகிறது என்றால் சுற்றுகிற சாமான் எதுவோ. நம் சிறிய கார்களின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர் ஓடும். 60-இல் போனால் வினாடிக்கு ஒன்பது சுற்று. காது எண்ண முடியாது. 10-இல் உருட்டினால் வினாடிக்கு ஒன்றரை, தாராளமாக எண்ணலாம். அப்படி உருட்டி, 'டிக், டிக்' என்று கேட்டு, டயர் பள்ளத்திலிருந்து ஒரு ஜல்லிக்கல்லைச் சாவியால் நெம்பி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

உருட்டிக் கேட்பதற்கு ஜார்ஜ் டவுனைப் போல ஓர் ஊர் கிடையாது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு சூலியா ஸ்திரீட்டிலோ குயின் ஸ்திரீட்டிலோ கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ரேடியோவையும் ஏர்கோனையும் அணைத்துவிட்டு, இரண்டாம் கியரில் போங்கள். இரு பக்கமும் ஒட்டி நிற்கும் கடைவீடுகளின் சுவர் சத்தத்தை அப்படியே உங்கள் காதுக்குத் திருப்பி அனுப்பும். இடமா வலமா என்று ஒரே நடையில் தெரிந்துவிடும். பேரிங் சந்தேகமா? தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவுக்குப் போகும் மலை ரோடு இருக்கிறது. வலப்பக்கம் வளையும்போது பாரம் இடப்பக்கச் சக்கரத்துக்குப் போகும். அப்போது உறுமல் கூடி, இடப்பக்கம் வளையும்போது குறைந்தால் இடப்பக்கப் பேரிங். வளைவைக் கண்டுகொள்ளாமல், ரோட்டின் தார் மாறும்போது மட்டும் சத்தம் மாறினால் டயர். 2017 நவம்பர் வெள்ளத்தில் மாட்டிய கார்கள் சில, உட்புறம் காய்ந்து வாசம் போன பிறகும், மாதங்கள் கழித்து இந்த உறுமலோடு என்னிடம் வந்தன. தண்ணீர் பேரிங்குக்குள் புகுந்துவிட்டால் துரு நிதானமாகத்தான் வேலை செய்யும்.

பினாங்குப் பாலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாலமும் புரோட்டோன் சாகா காரும் ஒரே ஆண்டில், 1985-இல் வந்தவை. பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கடலுக்கு மேல். வெயிலில் கான்கிரீட் விரிவதற்கு இடைவெளி விட்டு இணைப்புகள் வைத்திருக்கிறார்கள். அதன்மேல் டயர் ஏறும்போது 'தடக் தடக்' என்று சீராகக் கேட்கும். "வீட்டுப் பக்கம் ஒன்னுமில்லண்ணே, பட்டர்வொர்த் போறப்ப மட்டும் தட்டுது" என்று ஒருவர் இரண்டு பட்டறைகளில் காட்டிவிட்டு மூன்றாவதாக என்னிடம் வந்தார். அவருக்கு எதுவும் மாற்றவில்லை. பாலத்தை மாற்ற நமக்கு அதிகாரமில்லை.

சில்லறை நம்பிக்கைகளுக்கு வருவோம். "கம்ப்யூட்டர்ல ஸ்கேன் பண்ணா தெரிஞ்சிடும்": தெரியாது. ஸ்கேன் கருவி சென்சார் சொல்வதைத்தான் வாசிக்கும்; தேய்ந்த ரப்பர் புஷ்ஷில் சென்சார் ஏது? "எஞ்சினுக்குள்ள மருந்து ஊத்தினா சத்தம் போயிடும்": முதலில் டிப்ஸ்டிக்கை உருவி, எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் மருந்து வாங்கியவர்கள்தான் அதிகம். "பெல்ட் கத்தினா ஸ்பிரே அடி": வேண்டாம். தண்ணீரைக் கொஞ்சம் தெளித்துப் பாருங்கள். சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை. சற்று நின்று மறுபடி வந்தால் புல்லி வரிசை விலகியிருக்கலாம். மழை பெய்த மறுநாள் முதல் பிரேக்கில் வரும் கரகரப்பு, தட்டில் படிந்த துருப்படலம். ரோட்டு முனை திரும்புவதற்குள் போய்விடும். போகாமல் தொடர்ந்து கீச்சிட்டால், பேட் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வைத்திருக்கும் தகடு அது. பேரங்காடிக் கார் நிறுத்துமிடத்தின் வழவழப்பான தரையில் டயர் கத்துவதற்கு யாரும் வைத்தியம் பார்க்க வேண்டாம்.

சிலவற்றில் மட்டும் துப்பறியும் வேலை கூடாது. டயர் மாற்றிய மறுநாள் சக்கரத்திலிருந்து தாளம் தவறாமல் தட்டினால் உடனே ஓரம் கட்டி நட்டுகளைப் பாருங்கள். பிரேக்கில் இரும்போடு இரும்பு உராய்வது, எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டு எஞ்சின் தட்டுவது, பால் ஜாயின்ட் ஆடுவது, இவற்றுக்கெல்லாம் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

இப்போது நான் வழக்கமாகப் பாடும் பாட்டு. மனைவிக்கே சலித்துப்போனது, நீங்களும் கேட்டுவிடுங்கள். நம் ஊரில் சத்தத்தைக் கேட்பதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை, சாமான் மாற்றினால்தான் கொடுக்கிறோம். ஒரு போமென் உங்களோடு அரை மணி நேரம் காரில் சுற்றி, படுத்து, கம்பியால் நெம்பி, ஒரு தளர்ந்த நட்டைக் கண்டுபிடித்து முறுக்கிக் கொடுத்தால் "எவ்வளவு?" என்று கேட்பீர்கள். 50 வெள்ளி என்றால் முகம் சுருங்கும். "நட்டு முறுக்க அம்பதா?" அதே ஆள் 680 வெள்ளிக்கு அப்சார்பர் மாற்றினால் சிரித்துக்கொண்டே கட்டுகிறீர்கள், கையில் பெட்டி தெரிகிறதே. பிறகு அவர் எதற்குக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்? கடை வாடகை கட்ட வேண்டாமா? ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நல்லவனையும் சாமான் விற்கப் பழக்கியது நாம்தான். வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள்: "பாஸ், முதல்ல என்னன்னு கண்டுபிடிங்க, அதுக்குத் தனியா தர்றேன். எதையும் மாத்துறதுக்கு முன்னால கூப்பிடுங்க." அவரைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து, சத்தம் வரும் அதே ரோட்டில் நீங்களே ஓட்டிக் காட்டுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம்தான். பழுது பார்ப்பதற்கு முன் செய்யப்போகும் வேலையையும் விலையையும் பட்டறை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதற்காகவே 2002-இல் தனி விதிமுறை வந்தது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி, வக்கீல் இல்லாமல், 50,000 வெள்ளி வரை கோரலாம். அதற்கு ரசீது வேண்டும். ரசீதை டாஷ்போர்டு பெட்டியில் கசக்கிப் போட்டுவிட்டு, அதுவும் லொடலொடக்கிறது என்று என்னிடம் வராதீர்கள்.

கடைசியாகப் பட்டறையில் நான் பார்த்த சத்தம் பின்பக்கத்தது. தைப்பூசம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். முனையில் திரும்பினால் 'டொக்', பிரேக் போட்டால் 'டொக்'. வேறோர் இடத்தில் பின் அப்சார்பர் இரண்டும் மாற்றச் சொல்லி விலை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளோடு ஒருவர் வந்தார். நான் ஓட்ட, அவர் பின் இருக்கையில் காதைச் சாய்த்துக்கொண்டு உட்கார, நாலு தெரு சுற்றினோம். திரும்பி வந்து பின்பக்கப் பெட்டியைத் திறந்து, விரிப்பை எடுத்து, அடிப்பலகையைத் தூக்கினேன். ஸ்பேர் டயருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு தேங்காய். ரதத்துக்கு உடைக்க வாங்கிய மூட்டையில் நழுவி விழுந்தது, குடுமி காய்ந்து கிடந்தது.

அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, "முப்பது வெள்ளி கொடுங்க தம்பி" என்றேன்.

"எதுக்குண்ணே? ஒன்னுமே மாத்தலயே?" என்றார். தேங்காயை என் மேசைமேல் வைத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.